24ஆவது மாடியில் வளவு வாசல் கிடையாது

செட்டிநாட்டில் எங்கள் தெருவில் பிள்ளைகள் வெளிநாட்டிலோ வெளியூரிலோ இல்லாத வீடு அநேகமாகக் கிடையாது. சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், துபாய், அதுவும் இல்லையென்றால் சென்னையில் ஓர் அடுக்குமாடி. பேறுகாலம் பார்க்கவும் பேரப்பிள்ளைகளை வைத்துக்கொள்ளவும் நாங்கள் போய் மாதக்கணக்கில் தங்குகிறோம். கிளம்பும்போது சீப்புச் சீடை, கைமுறுக்கு, ஊறுகாய், மாத்திரை என்று எல்லாவற்றையும் எழுதிவைத்துக் கட்டுகிறோம். போய் இறங்கப்போகிற வீடு எத்தனையாவது மாடி, அது ஆடினால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. 2025 மார்ச் 28க்குப் பிறகு நான் கேட்கிறேன். வெளிநாடு கிளம்புகிற எல்லோரையும் கேட்கச் சொல்கிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை. பாங்காக்கில் மகள் வீட்டில் இருந்தேன், 24ஆவது மாடி. மாப்பிள்ளை அலுவலகம் போயிருந்தார். மகள் பிரசவ விடுப்பில் இருந்தாள், பேத்தி தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். மதியம் ஒன்று இருபது இருக்கும். சமையலறையில் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது தலை சுற்றியது. பிபி மாத்திரை போட்டோமா என்றுதான் முதலில் யோசித்தேன். அப்புறம் பார்த்தால், ஊறவைத்த பாத்திரத்தில் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறி வழிகிறது, திரும்ப மறுபக்கம் ஏறுகிறது. சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கிய விளக்கு கூரையைத் தொடுகிற அளவுக்கு வீசி ஆடியது. சுவர்களுக்குள்ளிருந்து கிறீச் கிறீச்சென்று சத்தம். அலமாரிக் கதவுகள் தானாகத் திறந்து திறந்து மூடின.

என் கால் வாசலைத் தேடி ஓடத் தொடங்கிவிட்டது. அது எங்கள் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களின் உடம்பில் ஊறியது. செட்டிநாட்டு வீட்டில் எந்த அறையில் இருந்தாலும் நாலு எட்டு வைத்தால் வளவு வாசல் என்கிற திறந்த முற்றம், அண்ணாந்தால் வானம். பயம் வந்தால் வெளிச்சத்துக்கு ஓடு என்பதுதான் நமக்குத் தெரிந்த பாதுகாப்பு. அந்த வீட்டில் எனக்கு வெளிச்சம் தெரிந்த இடம் பால்கனிப் பக்கம், முழுக்கக் கண்ணாடி. அங்கேதான் போயிருப்பேன்.

“ஆத்தா, ஓடாதீங்க! கீழே உட்காருங்க, மேசைக்கு அடியில வாங்க!” என்று மகள் கத்தினாள். அவள் ஜப்பானில் படித்தவள். அங்கே இருந்த காலத்தில் பயிற்சி கொடுத்துக் கொடுத்து அது அவளுக்குக் கையிலும் காலிலும் பதிந்திருந்தது. பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்துவிட்டாள். எனக்கு முழங்கால் மடங்காது. குனிந்து உட்கார முடியாமல் பக்கவாட்டில் படுத்து உருண்டுதான் உள்ளே போனேன். “மேசைக் காலைப் பிடிச்சுக்குங்க, அது நகர்ந்தா கூடவே நகருங்க” என்றாள். மேசை உண்மையிலேயே நகர்ந்தது. பிடித்துக்கொண்டே தரையில் இழுபட்டோம்.

உயரத்தில் ஆட்டம் எப்படி இருக்கும் என்பதை நான் அதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பூகம்பம் என்றால் வண்டி குலுங்குகிற மாதிரி படபடவென்று அடித்துவிட்டு நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். இது மெதுவானது, பெரியது. கட்டடம் முழுதும் ஒரு பக்கம் சாய்கிறது. இனி நிமிராது என்று தோன்றுகிற இடத்தில் ஒரு நொடி நிற்கிறது. பிறகு மறுபக்கம் போகிறது. நின்றுவிட்டது என்று மூச்சு விட்டால் மறுபடியும் ஆரம்பிக்கிறது. நிமிடக்கணக்கில் இது நடந்தது. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் கொட்டியது. நல்ல வெயில், மழைக்கு வாய்ப்பே இல்லை. மொட்டைமாடி நீச்சல்குளம் அலையடித்து வெளியே சிந்தியது என்பது கீழே போன பிறகுதான் தெரிந்தது. அன்று பாங்காக்கில் எத்தனையோ கட்டடங்களில் அப்படிக் கொட்டியதை வீடியோவில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நிலநடுக்கம் நடந்த இடம் பாங்காக் இல்லை. பர்மாவில் மாந்தலேக்கும் சகாயிங்குக்கும் பக்கத்தில், 7.7 அளவு, பூமிக்கு அடியில் சுமார் பத்தே கிலோமீட்டர் ஆழம். பாங்காக்கிலிருந்து கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர். காரைக்குடியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே போனால் தெலங்கானாவின் வடபகுதியே வந்துவிடும். அத்தனை தூரத்திலிருந்து எப்படி இது வந்து ஆட்டியது? இதைப் புரிந்துகொள்வதற்கு நான் நிறையப் பேரிடம் கேட்டேன், வாசித்தேன். எனக்குப் பிடிபட்ட அளவில் சொல்கிறேன்.

நிலநடுக்கத்தில் வேகமாகத் துடிக்கிற சிற்றலைகளும் உண்டு, மெதுவாக அசைகிற நெடிய அலைகளும் உண்டு. சிற்றலைகள் வழியிலேயே அடங்கிவிடும். நெடிய அலைகள் வெகுதூரம் போகும். பாங்காக் நகரம் ஆற்றுப் படுகையில், ஆழமான மெத்துக் களிமண்மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் களிமண் இந்த நெடிய அலைகளை வாங்கிப் பெரிதாக்கிவிடுகிறது. உயர்ந்த கட்டடம் இயல்பிலேயே மெதுவாக ஆடக்கூடியது. தோராயமாகப் பத்து மாடிக்கு ஒரு நொடி என்று கணக்குச் சொல்கிறார்கள். முப்பது மாடிக் கட்டடம் ஒரு முறை போய்த் திரும்ப மூன்று நொடி எடுக்கும். ஊஞ்சலை அது திரும்பி வருகிற நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னப் பிள்ளைகூட உயரமாக ஆட்டிவிடலாம் அல்லவா, அதேதான். தரை அசைகிற வேகமும் கட்டடம் அசைகிற வேகமும் ஒத்துப்போனால் ஆட்டம் கூடிக்கொண்டே போகும். கீழே சாலையில் நின்றவர்களில் சிலருக்கு லேசான தலைசுற்றலாக மட்டும் இருந்தது, எங்களுக்கு மேலே உயிர் போய்வந்தது. 1985இல் மெக்சிகோ நகரத்தில் இதேதான் பெரும் அழிவாக நடந்தது. அங்கேயும் நிலநடுக்கம் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், கடலோரத்தில். நகரம் பழைய ஏரிக் களிமண்மேல் இருந்தது.

அதனால் ‘எங்கள் ஊர் பூகம்பம் வராத ஊர்’ என்று ஒருவர் சொன்னால், பக்கத்தில் பூகம்பம் கிளம்புகிற பூமிப் பிளவு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். சுமத்ராவில் பெரிதாக அசைந்தால் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உயர்ந்த கட்டடங்கள் ஆடும், பலமுறை ஆடியிருக்கின்றன. 2013 ஏப்ரலில் ஈரானில் நடந்த நிலநடுக்கத்துக்குத் துபாயில் கோபுரக் கட்டடங்களிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். 2012 ஏப்ரல் 11இல் சுமத்ராவுக்கு அப்பால் கடலில் 8.6 வந்தபோது சென்னையில் அலுவலகங்களிலிருந்து ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தது நமக்கே தெரியும். நம் பிள்ளைகள் இருக்கிற ஊர்களின் பட்டியலும் இதுவும் ஒன்றாகவே இருக்கிறது.

சரி, ஆட்டம் நின்றது. மகள் செய்த முதல் காரியம் வாசல் கதவைத் திறந்து வைத்தது. சட்டம் கோணிக்கொண்டால் கதவு சிக்கிவிடும், அதனால் திறக்கிறபோதே திறந்துவிட வேண்டும் என்று பிறகு விளக்கினாள். ஆனால் கதவை உடனே திறக்க முடியவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்ற உயரமான செருப்பு அலமாரி குறுக்கே விழுந்து கிடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து தள்ளிய பிறகுதான் வழி கிடைத்தது. ஒரு வயதானவர் மட்டும் தனியாக இருந்திருந்தால் உள்ளேயே மாட்டியிருப்பார். வாசல் கதவுக்கும் படுக்கைக்கும் பக்கத்தில் உயரமான சாமான் எதுவும் நிற்கக் கூடாது, நின்றால் சுவரோடு ஆணியடித்துப் பிடிக்க வேண்டும். காசு செலவில்லாத இந்த ஒன்றைத்தான் நான் எல்லோரிடமும் முதலில் சொல்கிறேன்.

தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு. நம் வீட்டுப் பழக்கப்படி நான் வெறுங்காலில் இருந்தேன். செருப்போ விழுந்த அலமாரிக்குள் இருந்தது. மகள் பாத்ரூம் செருப்பை எடுத்துக் கொடுத்தாள். இப்போது எங்கே தங்கினாலும் கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பை ஒரு பையில் போட்டு வைத்துவிடுகிறேன். வெறுமனே வைத்தால் அதற்குள்ளேயே சில்லு விழும்.

படிக்கட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அன்று நான் அதிகம் பயந்தது ஆட்டத்தின்போது அல்ல, படியில் இறங்கும்போதுதான். கட்டடத்தில் ஒலிபெருக்கி இருந்தது, அதில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்குவதா வேண்டாமா என்று சொல்ல ஆள் இல்லை. சில மாடிகளில் அவசர விளக்கு எரியவில்லை. படித் திருப்பங்களில் யார் யாருடையதோ அட்டைப்பெட்டி, பழைய சைக்கிள், துணி காயப்போடுகிற கம்பி. சுவர்ப் பூச்சு உதிர்ந்து தூசி மூக்கில் ஏறியது. ஒவ்வொரு மாடியிலும் புதிதாகக் கூட்டம் சேர்ந்தது. நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவர், பெட்டியை இழுத்துக்கொண்டு ஒருவர். நடுவில் யாரோ மறுபடியும் ஆடுகிறது என்று சத்தம் போட, மேலே இருந்தவர்கள் நெருக்கினார்கள். மகள் பிள்ளையைத் துணியால் மார்போடு கட்டியிருந்ததால் இரண்டு கையும் கைப்பிடிக்கு இருந்தது. நான் சுவர்ப்பக்கம் ஒதுங்கி, வேகமாகப் போகிறவர்களுக்கு வழிவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

ஆட்டத்தின் நடுவிலேயே படிக்கு ஓடியவர்களும் இருந்தார்கள். கை சிராய்ந்து, கணுக்கால் பிசகிக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். கட்டடம் வீசி ஆடுகிறபோது படியில் நிற்க முடியாது. லிஃப்ட் இன்னும் மோசம். உள்ளே தொங்குகிற கம்பிவடங்கள் ஆடி எங்கேயாவது மாட்டிக்கொண்டால் பாதி வழியில் நின்றுவிடும். ஆடும்வரை இருந்த இடத்திலேயே குனிந்து, மறைந்து, பிடித்துக்கொள்வது. நின்ற பிறகு படி. மேசை இல்லாவிட்டால் கண்ணாடியிலிருந்து தள்ளி, உட்சுவர் ஓரமாக, தலையணையைத் தலைமேல் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தால் போதும். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் அங்கேயே தலையணையால் தலையை மூடிக்கொள்ளலாம். வாசல் நிலைக்கு அடியில் நில் என்று நம் பெரியவர்கள் சொல்வது தேக்கு நிலை வைத்த வீட்டை மனதில் வைத்துச் சொன்னது. பிளாட் கதவின் மெல்லிய சட்டம் எதையும் தாங்காது.

அன்று பாங்காக்கில் முழுதாக இடிந்து விழுந்தது சட்டுசாக் பகுதியில் கட்டிக்கொண்டிருந்த ஓர் உயர்ந்த அரசுக் கட்டடம். வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள் ஏராளமானோர் அதில் சிக்கி இறந்தார்கள், பர்மாவிலிருந்து பிழைக்க வந்தவர்களும் அவர்களில் உண்டு. மக்கள் குடியிருந்த கோபுரங்கள் விரிசல் விட்டன, ஆனால் நின்றன. பாங்காக்கில் உயரக் கட்டடங்களுக்கு நிலநடுக்கத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் விதி 2007இல்தான் வந்தது. மகள் இருக்கும் கட்டடம் அதற்கு முன்பே எழுந்தது. அப்படியும் அது எங்களைத் தாங்கியது. நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். தூண்கள் தாங்கின. ஆட்களுக்கு வழிகாட்டுவதற்குத்தான் அங்கே எந்த ஏற்பாடும் இல்லை.

கீழே வந்தவர்கள் எல்லோரும் கட்டடத்தின் கண்ணாடி முகப்புக்கு நேர் கீழே நின்றார்கள், நிழல் அங்கேதான் இருந்தது. மகள் எங்களைத் தெருவைத் தாண்டி வெட்டவெளிக்குக் கூட்டிப்போனாள். மேலிருந்து எது விழுந்தாலும் முதலில் அந்த இடத்தில்தான் விழும்.

போன் வேலை செய்யவில்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டால் லைன் கிடைக்கவே இல்லை. மகள் காரைக்குடிக்கு, என் வீட்டுக்காரருக்கு, ஒரே ஒரு வரி வாட்ஸாப்பில் அனுப்பினாள்: “மூணு பேரும் நல்லா இருக்கோம், கீழே நிக்கிறோம்.” அது போய்விட்டது. நம்மூரில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை, டிவியில் செய்தியும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையிடமிருந்தும் அவருக்கு ஒரு வரி வந்தது. ஒரே நகரத்தில் இருந்துகொண்டு இவர்கள் இருவரும் பேசிக்கொள்ள முடியாத நேரத்தில், காரைக்குடியில் முகப்பில் உட்கார்ந்திருந்தவர் வழியாகத்தான் செய்தி போய்வந்தது. “அவர் நடந்து வர்றார், நீங்க அங்கேயே இருங்க” என்று எங்களுக்கு, “பிள்ளை பால் குடிச்சுட்டா” என்று அவருக்கு. ரயில்கள் நிறுத்தப்பட்டுவிட்டன, சாலையில் வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. மாப்பிள்ளை சீலோம் பக்கத்திலிருந்து நடந்தே வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

இதை எங்கள் குடும்பத்தில் இப்போது ஏற்பாடாகவே வைத்துவிட்டோம். ஆபத்து நடந்த ஊரில் இல்லாத ஒருவர் எல்லோருக்கும் மையம். எல்லோரும் அவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும், அவர் மற்றவர்களுக்குச் சொல்வார். சொந்தபந்தங்கள் நேரே கூப்பிடக் கூடாது. செய்தி பரவிய பிறகு அண்ணன் வீடு, சம்பந்தி வீடு, கோட்டையூர், தேவகோட்டை, சென்னை என்று பாசத்தில் எல்லோரும் கூப்பிட்டதில் மகளின் போன் சார்ஜ் சீக்கிரமே இறங்கிவிட்டது. ஊரில் வேறு, பாங்காக் நகரமே தரைமட்டம் என்று யாரோ கிளப்பிவிட்டு, பக்கத்து வீட்டு ஆச்சி அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறார். கையில் அந்த ஒற்றை வரி இருந்ததால்தான் என் வீட்டுக்காரரால் அவரைத் தேற்ற முடிந்தது.

அந்தக் கட்டடத்தில் கூட்டிப் பெருக்குகிற பெண் ஒருத்தி, பர்மாக்காரி, சகாயிங் பக்கத்து ஊர். சாயங்காலம் எங்களுக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஒரே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான். அவளுக்கு அன்று இரவு வரை வீட்டிலிருந்து பதில் வரவில்லை. மறுநாள் தங்கையின் குரல் கேட்டது, அம்மாவைப் பற்றிச் செய்தி இல்லை. பர்மாவில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பாங்காக்கில் நாங்கள் பட்டதைப் பெரிதாக எழுதும்போதெல்லாம் அவள் முகம் முன்னால் வருகிறது.

எங்கள் ஐயா பர்மாவில் பெகு நகரத்தில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைசி நிலைப் பணியாளாக, சேர்ந்து மேலாளுக்கு அடுத்த அடுத்தாளாக உயர்ந்தவர். 1930 மே 5 இரவு பெகு ஆடியதை நான் சின்னப்பெண்ணாக இருந்தபோது சொல்லியிருக்கிறார். பெரிய பகோடா சரிந்தது, தெருவெல்லாம் தீ, கணக்குப் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் படுத்திருந்தோம் என்பார். அந்தப் பூகம்பமும் இதே சகாயிங் பிளவில், அதன் தெற்குப் பகுதியில் வந்ததுதான். இந்த முறை அந்தப் பிளவு நானூறு கிலோமீட்டருக்கும் அதிக நீளத்துக்குக் கிழிந்தது. நம் வீடுகளில் நிற்கிற தேக்குத் தூண்கள் எந்த மண்ணிலிருந்து வந்தனவோ, அதே மண். ஐயா சொன்னதைக் கதையாக மட்டும் கேட்டுக்கொண்டோம். பேரேட்டையும் அவர் ஓடிப்போய்த் தேடவில்லை, அது கைக்கெட்டுகிற இடத்திலேயே எப்போதும் இருந்தது என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

நாங்கள் அன்று கையில் எடுத்தது பிள்ளைப் பையை. அதில் பால்பொடி, துணி, துடைக்கும் காகிதம் இருந்ததால் பேத்திக்குக் குறை இல்லை. என் பிபி மாத்திரை மேலே மாட்டிக்கொண்டது. பாஸ்போர்ட்டும் மேலே. இப்போது ஒரு மஞ்சப்பை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது: ஒரு வாரத்துக்கு மாத்திரை, அதன் சீட்டு, பாஸ்போர்ட் நகல், மூக்குக்கண்ணாடி, டார்ச், பவர் பேங்க், சில்லறையாகக் கொஞ்சம் உள்ளூர்ப் பணம், தண்ணீர் பாட்டில், அந்த ஊர் எழுத்தில் வீட்டு விலாசம் எழுதிய அட்டை. விலாச அட்டை வேண்டும், மொழி தெரியாத ஊரில் கூட்டத்தில் பிரிந்துவிட்டால் நமக்குப் பேச வாய் இல்லை.

நகராட்சி அன்றிரவு லும்பினி உள்ளிட்ட சில பூங்காக்களை மூடாமல் திறந்து வைத்தது. எங்களைத் தரைத்தளத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று சேர்த்துக்கொண்டது. மறுநாள்தான் மேலே போனோம், அதுவும் பொறியாளர்கள் வந்து பார்த்த பிறகு. அவர்களோடு சுற்றியதில் விரிசல் பார்க்கத் தெரிந்துகொண்டேன். அறைகளைப் பிரிக்கிற சுவரில் பூச்சு வெடித்து, ஓடு பெயர்ந்து, கதவு மூலையிலிருந்து கோடு போயிருந்தால் பார்வைக்குப் பயமாக இருக்கும், ஆனால் அந்தச் சுவர் கட்டடத்தைத் தாங்குவதில்லை. தூணிலோ உத்தரத்திலோ, அல்லது லிஃப்டைச் சுற்றியுள்ள கான்கிரீட் சுவரிலோ சாய்வான ஆழமான விரிசல், கான்கிரீட் சிதறிக் கம்பி தெரிவது, இவைதான் ஆபத்து. அப்படி இருந்தால் யார் என்ன சொன்னாலும் உள்ளே போகக் கூடாது. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டது பிறகு பழுதுபார்க்கும் பேச்சில் உதவியது.

லிஃப்ட் ஓடப் பல நாள் ஆனது. மேலே குழாய் உடைந்து தண்ணீரும் இல்லை. முழங்கால் வலிக்கிறவர்களுக்கு 24 மாடி ஏறுவது நடக்கிற காரியம் இல்லை, நான் அந்தத் தமிழ்க் குடும்பத்தோடேயே தங்கிக்கொண்டேன். உடம்பும் சும்மா விடவில்லை. உட்கார்ந்தால், படுத்தால், தரை அசைகிற மாதிரியே இருந்தது. ஊருக்கு வந்த பிறகும் கொஞ்ச நாள் இருந்தது. டாக்டர், பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு நிறையப் பேருக்கு இது வரும், தானாக அடங்கும் என்றார். அடங்கியது. ஒரு டம்ளர் தண்ணீரை மேசைமேல் வைத்துப் பார்த்தால் உண்மையா பிரமையா என்று தெரிந்துவிடும், மகள் சொல்லித்தந்த வழி அது. அடிக்கடி அதைப் பார்த்துத்தான் தூங்கினேன்.

ஊர் வந்ததும் எங்கள் வீட்டைப் புதிய கண்ணோடு பார்த்தேன். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்கள் 2002இல் வந்த நிலநடுக்க வரைபடத்தில் வாய்ப்பு மிகக் குறைந்த இரண்டாம் மண்டலத்தில் வைக்கப்பட்டவை. தூரத்துப் பூகம்பத்தின் நெடிய அலை நம் தாழ்வான, கனமான வீடுகளைப் பெரிதாக அசைக்காது. அந்த வகையில் இவை கோபுரங்களுக்கு நேர் எதிர். பக்கத்தில் ஒன்று வந்தால் நிலைமை வேறு. செங்கல்லும் சுண்ணாம்பும்தான், சுவருக்குள் கம்பி கிடையாது. 1993 செப்டம்பர் 30இல் மகாராஷ்டிரத்தில் லாத்தூர் பக்கம் கில்லாரியில் வந்தது 6.2தான், அன்றைய வரைபடத்தில் அது மிகப் பத்திரமான மண்டலம். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள் தூங்கியவர்கள்மேல் விழுந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பூட்டிக்கிடக்கிற நம் வீடுகளில் முகப்புக்கு மேலே வெடித்து நிற்கிற சுதைப் பொம்மைகளும், மழை இறங்கி ஊறிய கைப்பிடிச் சுவர்களும் பூகம்பம் இல்லாமலே விழக்கூடியவை. பங்காளிகள் கூடிப் பேசி அவற்றையாவது சரிசெய்யலாம். வளவில் இருக்கும்போது ஆட்டம் வந்தால் ஓட்டுச் சாய்ப்புக்கு அடியில் நிற்காமல் திறந்த வளவு வாசலின் நடுவுக்கு வர வேண்டும்.

காரைக்குடியிலும் சென்னையிலும் பிளாட் வாங்குகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கீழ்த்தளம் முழுக்கக் கார் நிறுத்தத் தூண்கள் மட்டும், மேலே சுவர் நிறைந்த மாடிகள் என்று இருந்தால் கொஞ்சம் நின்று விசாரியுங்கள். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல இந்த மாதிரிதான், கீழ்த்தளத் தூண்கள் மடங்கி மேல்மாடிகள் அப்படியே உட்கார்ந்தன. சென்னையை 2002இல் மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதிகளான ஐஎஸ் 1893, ஐஎஸ் 13920 இரண்டின்படியும் கணக்குப் போட்டிருக்கிறீர்களா என்று கட்டுகிறவரிடம் கேட்டு எழுத்தில் வாங்கலாம். வேலை நடக்கும்போது போனால் தூண் கம்பியைச் சுற்றிக் கட்டுகிற ரிங்கைப் பாருங்கள். அதன் நுனி 135 டிகிரிக்கு உள்ளே மடங்கியிருக்க வேண்டும். வெறும் 90 டிகிரியில் விட்டிருந்தால் ஆட்டத்தில் ரிங் விரிந்து தூண் வெடிக்கும். எங்கள் உறவில் ஒரு பொறியாளர் தம்பி இதைக் காட்டிக் கொடுத்தார். பார்க்கப் படிப்பு தேவையில்லை, கண் போதும்.

மகளின் கட்டடத்தில் குடியிருப்போர் கூடிப் பேசி, படித் திருப்பங்களை ஒழித்து, அவசர விளக்குகளை மாற்றிவிட்டார்கள். ஒலிபெருக்கியில் என்ன சொல்ல வேண்டும் என்று தாய், ஆங்கிலம், பர்மிய மொழிகளில் எழுதி, காவலர் அறையில் ஒட்டியிருக்கிறார்கள். எந்தெந்த வீட்டில் நடக்க முடியாதவர், கைக்குழந்தை இருக்கிறார்கள் என்று மாடிவாரியாக ஒரு பட்டியலும் உண்டு. அதைக் கேட்டுப் போராடி வாங்கியவள் என் மகள்.

எங்கள் தெருவில் பக்கத்து வீட்டு ஆச்சி, அன்று அழுதுகொண்டு ஓடிவந்தவர், மகன் வீட்டுக்குக் கோலாலம்பூர் போகிறார். 31ஆவது மாடி. போன வாரம் அவரை உட்காரவைத்து மகனுக்கு வாட்ஸாப்பில் கேட்கச் சொன்னேன். ஒளிந்துகொள்ளக் கனமான மேசை இருக்கிறதா, வாசலுக்குப் பக்கத்தில் என்ன நிற்கிறது, படிக்கட்டு எங்கே போய் முடிகிறது. முதல் இரண்டுக்கும் உடனே போட்டோ வந்தது. மூன்றாவதற்கு அவர் மகன், “தெரியலை ஆத்தா, இதுவரை லிஃப்ட்லதான் போயிருக்கோம்” என்று எழுதியிருந்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு இறங்கிப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.